தேரிக் குதிரைக்குக் காலில் முடி வந்த கதை

அந்தக் காலத்தில், மிருகமும் மனுஷனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, பொய் சொல்லிப் பிழைப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரன் எதையாவது அளந்துவிட்டால், "நேற்று வேறு மாதிரி அல்லவா சொன்னாய்" என்று தொழுவத்திலிருந்து ஒரு குரல் வரும். அப்பேர்ப்பட்ட காலத்தில், செம்மணல் தேரியின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டிக் கீழவிளை என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே தவசிக்கனி என்று ஒரு பனையேறி இருந்தான்.

தேரியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மிளகாய்த்தூள் நிறத்தில் மணல், கண்ணுக்கு எட்டிய மட்டும் மேடு மேடாகக் கிடக்கும். ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தால் மேடுகள் எழுந்து நடக்கும். போன வருஷம் வாசலாக இருந்த இடம் இந்த வருஷம் மணலுக்கு அடியில் இருக்கும். அங்கே பனை ஒன்றுதான் நின்ற இடத்தில் நிற்கும். அதனால்தானோ என்னவோ, தேரிக்காட்டு ஜனங்கள் சத்தியம் செய்வதென்றால் பனையைத் தொட்டுத்தான் செய்வார்கள்.

தவசிக்கனிக்கு ஐம்பது வயது. முப்பது வருஷமாகப் பனை ஏறுகிறவன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இரண்டு காலையும் சேர்த்துத் தளைநாரைப் போட்டுக்கொண்டு ஏறுவான், இறங்குவான். தளைநார் என்பது பனைநாரில் முறுக்கிய வளையம். இரண்டு பாதங்களையும் அதற்குள் விட்டுக்கொண்டால் மரத்தை விட்டுக் கால் வழுக்காது. அவன் கொஞ்சம் வீம்பு பிடித்தவன். பனையேறிக்குப் புரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது என்று நினைப்பு. வாக்குக் கொடுத்தால் மட்டும் காப்பாற்றுவான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு, அந்தப் பெருமையை அடிக்கடி வெளியே எடுத்துக் காட்டவும் செய்வான்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலையில், முதல் பனையின் உச்சியில் இருந்துகொண்டு கடலைப் பார்த்தான். ஏதோ மரக்கட்டை மிதந்து வருவதுபோல் இருந்தது. கட்டை மூச்சு விட்டது. அவன் அவசர அவசரமாக இறங்கிக் கரைக்கு ஓடுவதற்குள் அது தண்ணீரை உதறிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. குதிரை. ஆனால் அவன் அதுவரை பார்த்த குதிரைகள் எல்லாம் துறைமுகத்தில் இறங்கி ராஜாவின் படைக்குப் போகிற ஒல்லிக் கால் குதிரைகள். இது பெட்டைக் குதிரை, இரண்டு குதிரையை ஒன்றாகச் சேர்த்துச் செய்ததுபோல் இருந்தது. மார்பு வாசற்கதவின் அகலம். கால்கள் இளம்பனைப் பருமன். அந்தக் கால்களில் ஒரு முடிகூடக் கிடையாது, வழவழவென்று இருந்தன. கணுவுக்கு மேலே நாலு காலிலும் கயிறு அறுத்த புண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

அவள் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். தூரத்தில் ஒரு குளிர் தேசத்தில் களிமண் வயலில் ஏர் இழுத்தவள். ஒரு வியாபாரி படைக்குதிரைகளோடு சேர்த்து இவளையும் தள்ளிவிடலாம் என்று மலிவாக வாங்கிக் கப்பலில் ஏற்றினான். நாற்பது நாள் நாலு காலையும் கட்டி நிறுத்தியே வைத்திருந்தான். கரை கண்ணில் பட்ட அன்று முன்கால் கயிற்றைக் கடித்தும் பின்கால் கயிற்றை உதைத்தும் அறுத்துவிட்டுக் கடலில் குதித்துவிட்டாள்.

"எனக்கு ஓடத் தெரியாது, இழுக்கத் தெரியும்" என்றாள். "தண்ணீரும் தீனியும் கொடு. எதை வேண்டுமானாலும் இழுக்கிறேன். என் காலை மட்டும் கட்டாதே."

தவசிக்கனி பக்கத்தில் நின்ற பனையில் கையை வைத்தான். "இந்தப் பனைமேல ஆணையா ஒங்காலக் கட்ட மாட்டேன்" என்றான்.

அவன் மனைவி பூவம்மை அவளைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். சினையாக இருக்கிறாயா என்று கேட்டாள். ஆமாம், பதினோரு மாதக் கணக்கு, கார்த்திகையில் ஈனுவேன் என்றது குதிரை. தன் குட்டி கண் திறக்கும்போது கட்டிப் போட்ட கால்களைப் பார்க்கக் கூடாது என்றுதான் கடலில் குதித்ததாகவும் சொன்னது.  பூவம்மை உள்ளே போய் ஒரு பானைப் பதநீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

கீழவிளையில் அவளுக்குக் கப்பல்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. நுங்கு எடுத்தபின் வெட்டிப் போட்ட காய்க்கூட்டை, கூந்தல் என்பார்கள், ருசித்துத் தின்பாள். விழுந்த பனைகளை இழுத்துக்கொண்டு வருவாள். பதநீர் காய்ச்ச விறகு சுமந்து சலித்துப் போயிருந்த கழுதை, இப்படி ஒருத்தி முன்னமே வந்திருக்கக் கூடாதா என்று எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டது. அவளுக்காகத் தவசிக்கனி ஒரு சக்கரமில்லாத வண்டி செய்தான். பனையை இரண்டாகப் பிளந்து, முனைகளை மேல்நோக்கிச் செதுக்கி, குறுக்கே சட்டம் அடித்தது. மணலில் வழுக்கிக்கொண்டு வரும். அதை இழுவை என்றார்கள். பொழுது சாய்ந்தால் அவள் வீட்டோரமாக வந்து படுத்துக்கொள்வாள். கயிறும் இல்லை, முளையும் இல்லை.

ஆடி பிறந்தது, காற்றும் பிறந்தது. தவசிக்கனிக்கு ஒரே மகள், அன்னத்தாய். தேரிக்கு மேற்கே, அரைப் பொழுது நடக்கும் தூரத்தில் இருக்கிற மேலவிளையில் கட்டிக் கொடுத்திருந்தான். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் முடியப் போகிறது. அவள் புருஷன் உப்பு ஏற்றிக்கொண்டு தோணியில் போனவன், இன்னும் திரும்பவில்லை.

ஒரு நாள் காலையில் மேற்கிலிருந்து ஒரு மயில் வந்து வாசலில் இறங்கியது. முதலில் தன் தோகைக்குள் மணல் புகுந்த கதையைத்தான் நீட்டி முழக்கிச் சொன்னது. பூவம்மை பொறுமையிழந்து துடைப்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தது. மேலவிளையில் மணல் சுவரேறிவிட்டது. நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வடக்கே போய்விட்டார்கள். மிச்சம் பதினொரு பேர். கிழடுகள், குழந்தைகள், அப்புறம் அன்னத்தாய். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அவள் மாமியார் சொர்ணத்தம்மை போன மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு எழும்பாமல் கிடக்கிறாள். அவளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மருமகள் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைச் சாயங்காலத்துக்குள் மணல் கூரையையும் மூடிவிடும்" என்று சொல்லிவிட்டு மயில் பறந்துபோனது.

தவசிக்கனிக்குக் கை கால் ஓடவில்லை. உச்சிப் பனையில் காற்றாடும்போதுகூட அவன் பயந்ததில்லை, இப்போது பயந்தான். பக்கத்து வீட்டு வண்டிமாடுகளைப் போய்க் கேட்டான். இரண்டாவது மேட்டிலேயே அச்சுவரைக்கும் இறங்கிவிடும், நாங்களும் சாவோம், உன் மகளும் வரமாட்டாள் என்று அவை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டன. கப்பல்காரி அவன் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. இழுவைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பூட்டு என்றாள்.

முதல் மேட்டை ஒரு மாதிரியாகக் கடந்தார்கள். இரண்டாவது மேடு பெரியது. அங்கே அவள் பலமே அவளுக்கு எதிராகப் போயிற்று. எவ்வளவுக்கெவ்வளவு ஊன்றினாளோ அவ்வளவுக்கவ்வளவு கால் உள்ளே போனது. முழங்கால் போயிற்று, தொடை போயிற்று, கடைசியில் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. வெறும் இழுவையையே இழுக்க முடியவில்லை, ஆட்களை ஏற்றி எப்படி இழுப்பது? அவளைத் தோண்டி எடுத்துத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் உச்சிவெயில் ஆகிவிட்டது.

வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தலையில் கையை வைத்திருந்த தவசிக்கனியின் கண்ணில் பன்னாடை பட்டது. பனைமட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்குமே, அது. பதநீர் வடிகட்ட வைத்திருந்தார்கள். மெத்தென்று இருக்கும், லேசில் கிழியாது. குளம்பைச் சுற்றிப் பன்னாடையை நாலு மடிப்பாக வைத்து, அடியில் சுளகு அகலத்துக்கு ஓலைத்தட்டு வைத்துக் கட்டினால் கால் மணலில் இறங்காது. இந்த யோசனை வந்ததும் அவன் துள்ளி எழுந்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. தளை போடுவதை எந்தப் பனையேறியும் கட்டுவது என்று நினைப்பதில்லை. கட்டுவது என்றால் ஆட்டைக் கட்டுவது, மாட்டைக் கட்டுவது. தளை என்பது செருப்பு மாதிரி ஒன்று, வேலைக்குப் போகும்போது போட்டுக்கொள்வது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். களைப்பில் உடம்பு மரத்துப் போயிருந்தது. அவன் முன்கால்களின் பக்கத்தில் குனிந்தான். இரண்டு காலுக்கும் பன்னாடை வைத்தான். அப்புறம் கை தன் பழக்கத்தில் போயிற்று. முப்பது வருஷமாக இரண்டு காலைச் சேர்த்தே தளை போட்டுப் பழகிய கை, இங்கேயும் இரண்டு காலையும் ஒரே வளையத்துக்குள் விட்டு இறுக்கிவிட்டது.

அவள் ஒரு எட்டு வைத்தாள். கால் வரவில்லை. முழங்கால் மடிந்து முன்னால் விழுந்தாள், சினை வயிறு தரையில் மோதியது. அவள் கத்திய கத்தலில் கழுதை தொழுவத்துக்குள் ஓடிப் புகுந்துகொண்டது. பல்லால் தளையைப் பிய்த்து எறிந்தாள். உதறிய உதறலில் தவசிக்கனி ஓலைக் குவியலில் போய் விழுந்தான். நல்லவேளை, ஓலைக் குவியல். அவள் எழுந்து நின்று அவனைப் பார்த்தாள்.

"பனையைத் தொட்டுச் சொன்னாய்" என்றாள். பிறகு திரும்பிக் கடலைப் பார்த்து நடந்தாள்.

பூவம்மை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தவசிக்கனி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, நான் எங்கே கட்டினேன், தளைதானே போட்டேன் என்று முனகினான்.

"ஒங்களுக்கு அது தள" என்றாள் பூவம்மை. "அவளுக்கு அது கப்பலு. நாப்பது நாளு நின்னவளுக்கு அதத் தவிர வேற என்ன தெரியும்? எந்திரிச்சிப் போயி அவ கால்ல விழுந்தாவது கேளுங்க. நம்ம புள்ள அங்க கெடக்கா."

அவன் எழுந்து போனான். பிய்ந்த தளையைக் கையிலேயே வைத்திருந்தான். கப்பல்காரி வயிறு நனையும் ஆழத்தில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். காற்று அடங்கியதும் நீந்திப் போய்விடப் போவதாகச் சொன்னாள். எங்கே என்று கேட்டான். காலைக் கட்டாத ஊர் எங்கேயாவது இருக்கும் என்றாள். அவன் தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம். மணலில் இறங்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்தேன், இரண்டு காலைச் சேர்த்துப் போட்டது கைப்பழக்கம் என்றெல்லாம் சொன்னான்.

"காலைக் கட்டியவன் எவனும் நடக்க வைப்பதற்காகக் கட்டியதில்லை" என்றாள் அவள்.

  அவன் கரையோரம் நின்ற ஒரு பனையிடம் போனான். ஆடிக் காற்றில் அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் புத்தியுள்ளவன் எவனும் மரம் ஏறமாட்டான். அவன் தளை போடாமல் வெறுங்காலோடு ஏற ஆரம்பித்தான். இரண்டு ஆள் உயரம் போனதும் கால் வழுக்கியது. மரத்தோடு சறுக்கிக்கொண்டே வந்து கீழே விழுந்தான். மார்புத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அவள் தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மணலில் உட்கார்ந்து, பிய்ந்த தளையை முடிச்சுப் போட்டுச் சரிசெய்து, தன் இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டான். மறுபடி மரத்தைக் கட்டிப் பிடித்தான். எம்பினான், கால் நின்றது. எம்பினான், நின்றது. மரம் ஆட ஆட அவனும் ஆடிக்கொண்டே உச்சிவரைக்கும் போய், ஒரு பச்சை ஓலையை வெட்டிக் கீழே போட்டான். அவன் இறங்கி வந்தபோது அவள் தண்ணீரை விட்டு வந்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

தினமும் இப்படித்தான் கட்டிக்கொள்வாயா என்று கேட்டாள். நாற்பது தடவை என்றான். யார் கட்டிவிடுவார்கள் என்று கேட்டாள்.

"கட்டுறதும் நாந்தான், அவுக்கிறதும் நாந்தான்" என்றான்.

அவள் குனிந்து அவனுடைய தளையை மோந்து பார்த்தாள். அலை வந்து வந்து போயிற்று. அவனும் அவசரப்படுத்தவில்லை, மனசுக்குள் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றான்.

"அப்படியானால் அவிழ்ப்பது என் கையில் இருக்க வேண்டும்" என்றாள் கடைசியில்.

கை எங்கே இருக்கிறது உனக்கு என்று அவன் கேட்கவில்லை. நார்நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும் உருவு முடிச்சு ஒன்று பனையேறிகளுக்குத் தெரியும். அதைப் போட்டுக் காட்டினான். அவள் பல்லால் நுனியைப் பிடித்து இழுத்தாள், கழன்றது. மறுபடி போடச் சொன்னாள், மறுபடி இழுத்தாள். ஐந்து தடவை அவனைப் படாத பாடு படுத்திவிட்டு ஆறாவது தடவை இழுக்காமல் விட்டாள். அவன் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அவள் வலது முன்காலைத் தானாகத் தூக்கி அவன் தொடைமேல் வைத்தாள். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தவசிக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைக் கட்டிக் கொடுத்த அன்றுகூட மணல் விழுந்தது என்று சொல்லிச் சமாளித்தவன், இங்கே சமாளிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். காலுக்கொரு பன்னாடைக் கட்டு, அடியில் ஓலைத்தட்டு, தனித்தனியாக. நாலு முடிச்சின் நுனியையும் நீளமாக விட்டு அவள் கழுத்துப் பட்டையில் செருகியிருந்தான். இழுவைக் கயிற்றையும் அதே முடிச்சில்தான் பூட்டியிருந்தான். தலையைத் திருப்பினால் எல்லாம் வாய்க்கு எட்டும். எதிர்க்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முதல் மேடு ஏறினாள், கால் இறங்கவில்லை. இரண்டாவது மேட்டில் முந்தின நாள் அவள் புதைந்த குழியைக் காற்று மூடி மெழுகியிருந்தது. அதன் மேலேயே நடந்து போனாள். வழியில் ஒரு முடிச்சு தளர்ந்தது. அவள் நின்று அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு அவன் வரும்வரை காத்திருந்தாள்.

மேலவிளையில் தெருவே இல்லை. கூரைகள் மட்டும் மணலில் கவிழ்த்து வைத்த பெட்டிகளாகத் தெரிந்தன. தவசிக்கனி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கூரை கூரையாக ஓடினான். நாலாவது கூரைக்குள்ளிருந்து "எப்பா" என்று குரல் கேட்டது. ஓலையைப் பிய்த்துப் போட்டு உள்ளே குதித்தான். அன்னத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மாமியாரின் தலை. உயிரோடு இருந்தார்கள். 

"இவளத் தூக்கிக்கிட்டுப் போயிருங்கன்னு நூறு தடவ சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றாள் சொர்ணத்தம்மை. "கேட்டாத்தான. பெத்தவரு மாதிரியே பிடிவாதம்."

ரெண்டு பேரும் வாங்க மயினி என்றான் அவன். மற்ற எல்லோரையும் வெளியே எடுத்தாகிவிட்டது. கடைசியில் சொர்ணத்தம்மை, அம்மியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஆரம்பித்தாள். மாமியாருக்கு மாமியார் அரைத்த அம்மியாம். கப்பல்காரி கூரை ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, கல் எங்கும் ஓடிப் போகாது, காற்று திரும்பியதும் நானே வந்து இழுத்துத் தருகிறேன் என்றாள். குதிரைக்கு அரைப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று இவள் கேட்டாள். பேரம் முடிந்தபோது அம்மி அங்கேயே இருந்தது, குழவி மட்டும் சொர்ணத்தம்மையின் மடியில் இருந்தது.

எட்டுப் பேரை இழுவையில் ஏற்றினார்கள். தட்டுத் தடுமாறியாவது நடக்கக்கூடிய மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தடத்திலேயே நடந்தார்கள். காற்று இப்போது முதுகில் இருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பெரிய மேட்டின் முகட்டுக்குக் கொஞ்சம் கீழே மணல் சரிந்தது. மேலிருந்து சரிந்து வந்த மணல் அவளுடைய முன்கால் இரண்டையும் தட்டோடு சேர்த்து மூடிவிட்டது. இழுவை பின்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. குழந்தைகள் கத்தினார்கள்.

தவசிக்கனி இழுவையின் பின்னால் தோளைக் கொடுத்தான். ஒருவன் தோள் அங்கே எதற்கு ஆகும்? கப்பல்காரி தலையைத் திருப்பினாள். முன்கால் முடிச்சுகளின் நுனியையும் இழுவைக் கயிற்றின் நுனியையும் வாயில் பிடித்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் அவள் கால் வெளியே வந்துவிடும். அவளும் அவள் குட்டியும் பிழைத்துக்கொள்வார்கள். இழுவை மேட்டின் அடிக்குப் போய்விடும், மணல் அதன்மேல் வந்து விழும். இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் கண்ணும் அவன் கண்ணும் ஒன்றை ஒன்று பார்த்தன. இழுக்காதே என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவிழ்ப்பது அவள் பாடு என்று ஒப்புக்கொண்டு வந்தவன்.

"ஒன் இஷ்டம் தாயீ" என்றான்.

அவள் நுனிகளைத் துப்பினாள். தலையைக் குனிந்து மார்பை முன்னால் கொடுத்தாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு நழுவிக்கொண்டிருந்த இழுவை நின்றது. பிறகு ஒரு சாண் முன்னால் வந்தது. புதைந்த தட்டையே பிடிமானமாக வைத்து அவள் பின்கால்களை ஊன்றி உந்தினாள். மணலுக்குள்ளிருந்து ஒரு முன்கால் வெளியே வந்து மேலே விழுந்தது, அப்புறம் அடுத்தது. முகட்டுக்கு வந்ததும் கீழே கடல் தெரிந்தது, கீழவிளையின் புகை தெரிந்தது. சொர்ணத்தம்மை குழவியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அன்னத்தாய் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உதைக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

வீட்டு வாசலில் பூவம்மை ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். ஊரே கூடிவிட்டது. யாரோ தவசிக்கனியிடம் கஞ்சியை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. மகள் பக்கமும் போகவில்லை. முதலில் கப்பல்காரியின் முன்னால் போய்க் குனிந்தான். அவள் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அவன் தொடைமேல் வைத்தாள். நாலு நுனியையும் அவள்தான் இழுத்தாள். அவன் பன்னாடையைப் பிரித்து, மணலைத் துடைத்துவிட்டு, பிறகுதான் தண்ணீர் குடித்தான். அன்று சாயங்காலம் மேலவிளையின் கடைசிக் கூரையும் மணலுக்குள் போய்விட்டது என்று மயில் வந்து சொன்னது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினொரு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆடி முடிவதற்குள் அன்னத்தாய் ஒரு பெண்குழந்தையைச் சுகமாகப் பெற்றாள். அவள் புருஷனும் தோணியில் பத்திரமாக வந்து சேர்ந்தான். கார்த்திகையில் ஒரு மழை நாளில் கப்பல்காரி ஈன்றாள். குட்டி எழுந்து நின்றதும் எல்லோரும் குனிந்து அதன் காலைப் பார்த்தார்கள். நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே அடர்த்தியாக நீண்ட முடி, குளம்பை மூடி, தரையைத் தொட்டு, பன்னாடை விரித்ததுபோல் தொங்கியது. குளம்பும் தட்டுமாதிரி அகலம். ஈரமண்ணில் நடந்தது, கால் இறங்கவே இல்லை.

தவசிக்கனி பதறிப் போய், நான்தான் அன்றைக்கே பன்னாடையைப் பிரித்துவிட்டேனே என்று பூவம்மையைப் பார்த்தான்.

கப்பல்காரி குட்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்: "இதை யாரும் கட்டவில்லை. அது தானாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது."

அந்தக் குட்டியின் வழியில் வந்தவைதான் தேரிக் குதிரைகள். கட்டிப் போட்டு வளர்க்கிற இடத்தில் அவை குட்டி போடுவதில்லை. எத்தனையோ பேர் ஆசையாகக் கொண்டுபோய்க் கயிறு போட்டுப் பார்த்துவிட்டுத் தோற்றுப் போனார்கள். அதனால்தான் அந்த இனம் பெருகாமல், எங்கோ ஒன்று, எங்கோ இரண்டு என்று அபூர்வமாகிவிட்டது. தேரிக்காட்டில் குதிரை இருக்கிற வீட்டில் கட்டுத்தறி ஊன்றமாட்டார்கள். கழுத்துப் பட்டையைப் பூட்டினாலும் முடிச்சின் நுனியை அதன் வாய்க்கு எட்டும்படிதான் விடுவார்கள்.

அன்று முதல்தான் தேரிக் குதிரைக்குக் காலில் முடி. அன்று முதல்தான், எந்த ஊர்க்காரர் ஆனாலும் அதன் முன்னால் ஒருவர் குனிந்து உட்கார்ந்தால், அது தானாகக் காலைத் தூக்கி அவர் தொடைமேல் வைக்கிறது.